மரை கழலவில்லை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தேசூரில் எங்கள் வீட்டு வாசலில், காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தேன். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்தான். தெருவில் போன பாட்டி ஒருத்தி, "ஐயையோ, யாரு பெத்த புள்ளையோ!" என்று அலறியேவிட்டாள்.

அந்த அளவுக்கு மோசமில்லை ஸார். சைலன்சர் குழாயில் இருந்த ஒரே ஒரு சென்சாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அது கழன்றால்தானே!

மூன்று கை மாறி என்னிடம் வந்த கார் அது. ஆறு மாதம் சமர்த்தாக ஓடியது. பிறகு 'செக் என்ஜின்' என்று ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. மைலேஜ் படுத்தது. போளூர் போய் நிறைமாதத் தங்கையை வளைகாப்பு முடித்து அழைத்து வரவேண்டும். வழியில் வண்டி மக்கர் பண்ணினால்?

முதல் பட்டறையில், "அந்த லைட்டைப் புடுங்கிடலாம் ஸார், நிம்மதியா இருக்கலாம்" என்றார்கள். ஜுரம் வந்தால் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம்! கும்பிடு போட்டுவிட்டு வந்தவாசியில் இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, "ஆக்ஸிஜன் சென்சார் அவுட்டு" என்றார்.

அது யார் ஸார் ஆக்ஸிஜன் சென்சார்? சைலன்சருக்குள் மூக்கை நீட்டி, போகிற புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று மோப்பம் பிடிக்கிற ஆள். உள்ளே இருப்பது ஸிர்கோனியா என்கிற பீங்கான். பெட்ரோல் அதிகமானால் சுமார் 0.9 வோல்ட், காற்று அதிகமானால் 0.1 வோல்ட் என்று கம்ப்யூட்டருக்குக் கோள் சொல்லும். அதைக் கேட்டுத்தான் 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்கிற கணக்கில் என்ஜின் ஓடுகிறது. மூக்கு செத்துவிட்டால் கம்ப்யூட்டர் குருட்டாம்போக்கில் பெட்ரோலை ஊற்றும். எரியாத மிச்சம் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுத் தீர்த்துவிடும். அதற்குள் இருப்பதோ பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்! சென்சார் செலவோடு போகவேண்டியது, நகைக்கடை பில்லாக வந்து நிற்கும்.

1976-ல் வால்வோ காரில் பாஷ் கம்பெனியின் சென்சார் முதன்முதலாக ஏறியது. ஈயம் கலந்த பெட்ரோல் இதற்கு விஷம். நம் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்தான். 'எனக்கென்ன, நான் பைக் ஆசாமி' என்கிறீர்களா? 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்ற பெரும்பாலான பெட்ரோல் பைக்குகளிலும் இவர் குடியிருக்கிறார்!

சரி, ஏன் கழலவில்லை? இரும்புக் குழாயில் இரும்பு மரை. ஓடும்போது பல நூறு டிகிரி சூடு, நின்றால் குளிர்ச்சி, மழை வந்தால் தண்ணீர். வருஷக் கணக்கில் துருப்பிடித்து இரண்டும் ஒன்றாகிவிடும்.

நானும் பக்கத்து வீட்டு நண்பனும் ஸ்பேனருக்குப் பின்னால் நீளமான பைப்பைச் சொருகித் தொங்கினோம். ஸ்பேனர் வழுக்கியது. சென்சாரின் முனை மழுங்கியது. என் முட்டி பெயர்ந்தது. சென்சார் மட்டும் அசையவில்லை.

எதிர்வீட்டு மாமா பட்டு நெய்கிறவர். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்ப்பா, பாவுல சிக்கு விழுந்தா இழுப்போமா? இழுத்தா அறுந்துடும். தளர்த்தி விட்டுத்தான் எடுக்கணும்."

வந்தவாசி மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்.

"சைலன்சர் நல்லா ஆறட்டும் ஸார். துரு இளக்குற ஆயிலை மரை ஓரத்துல அடிச்சு ராத்திரி பூரா ஊற வைங்க. சூட்டுல அடிச்சா பத்திக்கும், ஜாக்கிரதை! காலையில வழிஞ்ச ஆயிலைத் துடைச்சுட்டு, திறந்த வெளியில ரெண்டு மூணு நிமிஷம் என்ஜினை ஓட்டி வெதுவெதுப்பாக்கி நிறுத்துங்க. பழைய சென்சார் எப்படியும் குப்பைக்குத்தான். பிளக்கைக் கழட்டிட்டு ஒயரை வெட்டுங்க. ஆறு பட்டை 22 எம்.எம். ரிங் ஸ்பேனரை முழுசா மாட்டுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க, ஸ்டாண்டு போடுங்க."

கடைசியில் ஒரு ரகசியம் சொன்னார்: "முதல்ல கழட்டாதீங்க. ஒரு நூல் அளவு இறுக்குங்க!"

இறுக்குவதா? ஆமாம். துருவின் பிடி அதில்தான் உடையும். பிறகு கால் சுற்று கழற்றி, ஆயில் விட்டு, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றவேண்டும். அப்படியும் அசையாவிட்டால் பலம் காட்டாமல் பட்டறைக்கு விடுவதே புத்திசாலித்தனம். அவர்கள் சுற்றியுள்ள குழாயைக் காஸ் சூட்டில் விரியவைத்து எடுப்பார்கள். மரை கெட்டிருந்தால் 18 எம்.எம். டேப் ஓட்டிச் சரிசெய்வார்கள். பெட்ரோல் குழாய் பக்கத்தில் ஓடுவதால் நாம் வீட்டில் நெருப்பு வைக்கிற வேலையே கூடாது.

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு. ஸ்டாண்டு போட்டு, கையுறை மாட்டி, நூல் அளவு இறுக்கினேன். 'கிரீச்' என்று ஒரு சத்தம். அந்த நிமிஷம் அது எனக்குக் கோயில் மணி! இறுக்கி, தளர்த்தி, ஆயில் விட்டு... அரை மணியில் கருகிப்போன மூக்கு கையோடு வந்துவிட்டது.

புதியதை முதலில் விரலாலேயே திருகி ஏற்றினேன். மரை பிடிக்காமலிருக்கும் களிம்பு மரையில் மட்டும். மூக்கில் பட்டால் புது சென்சாரும் அம்பேல். அப்புறம் கார்ப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முறுக்கியதோடு சரி.

மெக்கானிக் வந்து கம்ப்யூட்டரில் பழைய தகராறை அழித்தார். விளக்கு அணைந்தது. புதன்கிழமை தங்கை போளூரிலிருந்து குலுங்காமல் வீடு வந்து சேர்ந்தாள். வாசலில் ஆரத்தி எடுத்த கையோடு அவளிடம் என் மனைவி சொன்னாள்:

"உங்க அண்ணனுக்கு எப்பவோ கழண்டு போச்சு. இந்த வாரம்தான் காருக்குக் கழண்டுச்சு!"