புலியும் முன்னோர்தான்! கேரி தீவின் திருநாள் தெரியுமா?

மலேசியா போகும் நம்மவர்கள் பத்துமலை முருகனைக் கும்பிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரி தீவு என்று ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயர் அது. எங்கு பார்த்தாலும் செம்பனை! இந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் நம் தமிழர்கள். அவர்கள் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே இந்தக் கரையோரக் காடுகளில் வாழ்ந்தவர்கள் மா மெரி பூர்வகுடிகள்.

அவர்கள் மொழிக்கு உறவு மலாய் அல்ல. கம்போடியாவின் கெமரும், நம் நாட்டின் சந்தாலியும் காசியும் நிக்கோபாரியும்தான்! நம்ப முடிகிறதா?

ஆண்டுதோறும் அவர்கள் முன்னோரை வணங்கும் நாள் ஹரி மோயாங். நமக்கு ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் பஞ்சாங்கத்தில் இருக்கின்றன. அவர்களுக்கோ ஊருக்கு ஊர் நாள் வேறு. பூசாரியின் கனவில் முன்னோர் வந்து நாள் சொல்வார்களாம்! முன்னோருக்கென்று உள்ள வழிபாட்டு வீட்டில் படையல் வைத்துப் புகை போடுகிறார்கள். அந்த வாசனை வேறெதுவும் இல்லை, நம் வீட்டுச் சாம்பிராணியேதான்! திருநீற்றுக்குப் பதில் அரிசிமாவுக் கரைசலைத் தொட்டு வைத்து ஆசி தருகிறார்கள், வந்த விருந்தாளிக்கும் சேர்த்து. தோரணத்துக்கு மாவிலை கிடையாது; தாழை மடலையும் நீப்பா பனை ஓலையையும் மடித்து மடித்துச் செய்யும் அலங்காரம். கழுத்து வலிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கலாம்!

பிறகு ஆட்டம். பெயர் மாயின் ஜோஓ. நடுவே ஒரு மண்மேடு. அதைச் சுற்றி ஓலைப் பாவாடை கட்டிய பெண்கள், முகமூடி அணிந்த ஆண்கள். மூங்கில் குழாய்களைக் கட்டையில் தட்டித் தாளம். கூடவே மேளம், தாம்பாள மணி, வயலின்! முகமூடிக்கான பூலாய் மரம் நம் ஏழிலைப்பாலையின் இனம் என்பது இன்னொரு ஆச்சரியம்.

நம் முன்னோர் காக்கையாக வருகிறார்கள். அவர்கள் முன்னோரில் புலியும் உண்டு! அந்த முன்னோரைச் சங்கிலி பூட்டிய புலியாக ஒரே மரத்துண்டில் செதுக்குகிறார்கள். வளையம் வளையமாகச் சங்கிலி அசையும். ஒட்டு எங்கும் இல்லை! இந்தச் சிற்பக்கலைக்கு யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்திருக்கிறது.

இதே தீவில் கம்போங் ஜூடா என்ற ஊரில் நடக்கும் கடற்கரைப் பூசை இன்னும் விசேஷம். கடல் வற்றிய சேற்று நிலத்தில் பரண் கட்டி, கடலில் உறையும் ஆவிகளுக்குப் படையல். நேரம் குறிப்பது கடல்தான். தண்ணீர் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்!

அடுத்த முறை கோலாலம்பூர் போகும்போது ஒரு நாளைக் கேரி தீவுக்கு ஒதுக்குங்கள். சுங்கை பும்புன் கிராமத்தில் மா மெரி பண்பாட்டுக் கிராமம் இருக்கிறது. திருநாள் எப்போது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். அது அவர்களுடைய வழிபாடு. கேட்டுவிட்டே படம் எடுங்கள்.