விடைப் பெட்டியில் தொலைந்த பின்னக் கோடு

குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் பேருந்தில் வந்து பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி அவள். ஒரு ஞாயிறன்று நான் இணையப் படிவத்தில் அனுப்பிய இருபடிச் சமன்பாட்டுக்கு −1+√5/2 என விடை அனுப்பினாள். படிவம் தானாகத் திருத்திச் சுழியம் போட்டது. மறுநாள் நோட்டைக் காட்டினாள். −1+√5 முழுவதற்கும் கீழே நீளமாக ஒரு கோடு, அதன்கீழ் 2. சரியான விடை. “போன்ல அந்தக் கோடு வரமாட்டேங்குது டீச்சர்” என்றாள்.

கோடு போனால் மதிப்பும் மாறிவிடுகிறது. முழுவதையும் 2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.618. √5ஐ மட்டும் வகுத்தால் 0.118. அடைப்புக்குறி போடச் சொல்லலாம்தான். அப்போது நாம் சோதிப்பது தட்டச்சை.

கூகுள் படிவத்தில் கேள்வியைப் படமாகச் சேர்க்கலாம். ஆனால் விடைப் பெட்டியில் பின்னம் அமைக்க வசதி இல்லை. மாணவரே சூத்திரம் எழுத வேண்டுமானால், லைம்சர்வே போன்ற கட்டற்ற கருத்தாய்வு மென்பொருளில் மேத்லைவ் என்ற சூத்திரத் தொகுப்பானைப் பொதிக்கலாம். அதுவும் கட்டற்றதே. பெட்டியைத் தொட்டால் பின்னம், அடுக்கு, மூலக்குறி கொண்ட விசைப்பலகை விரியும்.

இது வேலை செய்யும் விதம் எளிது. வழக்கமான எழுத்துப் பெட்டி ஒன்றை வைத்து, அதை மறைத்துவிட்டு, அதே இடத்தில் சூத்திரப் பெட்டியைக் காட்டுகிறோம். மாணவர் எழுத எழுத, சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதை லேட்டெக் வரியாக மறைந்த பெட்டிக்குள் எழுதிவிடும். படிவம் சேமிப்பது அந்த வரியைத்தான். லேட்டெக், டொனால்டு நூத்தின் டெக் நிரல்மீது லெஸ்லி லாம்போர்ட் 1980களில் உருவாக்கியது. அதில் தொகுதிக்கு ஓர் அடைப்பு, பகுதிக்கு ஓர் அடைப்பு. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் ஐயமே வராது.

நிரலை ஒட்டியும் பெட்டி தோன்றவில்லையா? பெரும்பாலும் தளத்தின் பாதுகாப்பு வடிகட்டி நிரலை நீக்கியிருக்கும். நிர்வாகியிடம் கேளுங்கள். விடைத்தாளில் கட்டளைச் சொற்களாகத் தெரிவதை மேத்ஜாக்ஸ் இணைத்த பக்கத்தில் சூத்திர எல்லைக் குறிகளுக்குள் ஒட்டினால் சூத்திரமாகத் தெரியும்.

தானியங்கித் திருத்தத்தில் மட்டும் கவனம் வேண்டும். அதே விடையை ஒரு மாணவர் −1/2, √5/2 என இரு பின்னங்களின் கூடுதலாக எழுதலாம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் படிவம் அதையும் தவறு என்றே சொல்லும். இத்தகைய கேள்விகளை நான் இப்போது கண்ணால் பார்த்தே திருத்துகிறேன்.

ஒரே வகுப்பு, ஓரிரு கேள்விகள் என்றால் இவ்வளவு ஏற்பாடும் மிகைதான். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துப் பதிவேற்றச் சொன்னால் போதும். கூகுள் படிவத்தில் அதற்கு மாணவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும்.