சுவரை இடிக்கும் முன் தொட்டியைப் பாருங்கள்

வீட்டில் விருந்தாளி யாரும் இல்லை. துணியும் வழக்கம்போலத்தான் துவைக்கிறார்கள். ஆனால் மாடித் தொட்டி மட்டும் சீக்கிரம் காலியாகிறது, மோட்டார் தினமும் இரண்டு தடவை ஓடுகிறது. இப்படியான வீடுகளில் பல சமயம் முதலில் உடைபடுவது குளியலறை டைல்ஸ்தான். அதற்கு முன்பே கசிவு எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரரே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் சோதனை இரவில். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொட்டிக்குள் ஒரு குச்சியை இறக்கி, நனைந்த உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். விடியும்வரை யாரும் தண்ணீர் புழங்கக்கூடாது, மோட்டாரும் போடக்கூடாது. காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. 1.1 மீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் 1 செ.மீ. இறக்கம் என்பது சுமார் 9.5 லிட்டர்.

அடுத்த இரவு, தொட்டிக்கு அடியிலுள்ள கேட் வால்வை மூடிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இப்போது மட்டம் அசையாமல் நின்றால் குறை கீழே இறங்கும் குழாய்களில். அப்போதும் இறங்கினால் தொட்டியையோ, பழசாகி முழுதாக மூடாத அந்த வால்வையோ சந்தேகிக்க வேண்டும். சமையலறைக்கும் குளியலறைக்கும் தனித்தனி வால்வு இருந்தால், ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தே இடத்தைச் சுருக்கிவிடலாம்.

சத்தமே இல்லாமல் தண்ணீரைக் குடிப்பது கழிப்பறை ஃபிளஷ் டேங்க். அதில் ஒரு சிட்டிகை கேசரி பவுடரைக் கலந்து, ஃபிளஷ் செய்யாமல் கால் மணி நேரம் விட வேண்டும். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றினால் போதும்.

சொட்டும் குழாயை அலட்சியப்படுத்துபவர்கள் அதன் கீழே ஒரு டம்ளரை வைத்துப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் 100 மி.லி. சேர்ந்தால், ஒரு நாளைக்கு 14.4 லிட்டர், ஆண்டுக்கு 5,000 லிட்டருக்கு மேல்.

சுவர் ஈரம் கோடையிலும் காயாவிட்டால், மழையைவிடக் குழாயின் மேல்தான் சந்தேகம் விழ வேண்டும். இந்தக் கட்டத்தில் பிளம்பர் குழாயில் அழுத்தம் ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். வெப்பக் கேமராவும் உதவும். அது தண்ணீரைக் காட்டாது. ஈரத்தால் குளிர்ந்த இடத்தைக் காட்டும்.

சொட்டுநீர்ப் பாசனம் உள்ள தோட்டத்தில் கசிவுக்குப் பெரிய காரணம் எலியும் அணிலும். பக்கக் குழாய்களைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். ஓரிடத்தில் மட்டும் புல் செழித்திருந்தாலோ, வரிசையின் கடைசிச் செடிகள் வாடினாலோ அந்தக் குழாயைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவர வேண்டும். கேஜில் அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதும் ஓர் அறிகுறி.

மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் மூன்று நிமிடத்தில் 200 மி.லி. தர வேண்டும். வரிசையின் முதல், நடு, கடைசிச் சொட்டுவான்களின் கீழே டப்பா வைத்து அளந்தால் குறை எந்தப் பகுதியில் என்று தெரியும். கடிபட்ட துண்டை வெட்டி ஜாய்னர் போட்டபின், முனை மூடியைக் கழற்றிச் சற்று நேரம் தண்ணீரை ஓட விட வேண்டும். ஓட்டை வழியாகப் புகுந்த மண் சொட்டுவான்களை அடைக்காமல் வெளியேறிவிடும்.