குளியலறைச் சன்னலும் சுவர் டைல்ஸும்

நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த பெருங்கடவிளை, பாறசாலை போன்ற எல்லையோர ஊர்களின் வீடுகள் ஆண்டுதோறும் இரு பெருமழைகளைத் தாங்குகின்றன. சூன் மாதத்தில் இடவப்பாதி. அக்டோபர், நவம்பர் மாதங்களில் துலாவருஷம். மழைக்காலத்தில் பலா, அயனி ஆகிய மரங்களாலான சன்னல் சட்டங்கள் ஈரத்தை ஏற்றுப் பருக்கின்றன, கோடையில் சுருங்குகின்றன. குளியலறைச் சன்னலுக்கு வெளியே மழை, உள்ளே குளிக்கும் நீர் என இருபுறமும் ஈரம். ஆகவே, அச்சன்னலைச் சுற்றி டைல்ஸ் பதிப்பது அழகுக்கான வேலை மட்டுமன்று. சுவரையும் மரத்தையும் காக்கும் வேலையுமாகும். வீட்டைப் புதுப்பிக்க எண்ணும் வாடிக்கையாளர்கள் வேலையைத் தொடங்கும் முன் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்குத் தொகுத்துரைக்கிறோம்.

சன்னலிலிருந்து கணக்கைத் தொடங்குக

பெரும்பாலும் சுவரின் ஒரு மூலையிலிருந்து முழு டைல்களாகப் பதித்துக்கொண்டே வருவது வழக்கம். இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். சுவரின் அகலம் 170 செ.மீ.; நடுவில் 60 செ.மீ. அகலமுள்ள சன்னல், டைலின் அகலம் 30 செ.மீ.; இணைப்பு இடைவெளி 2 மி.மீ. எனக் கொள்வோம். இடது மூலையில் தொடங்கினால், சன்னலின் இடப்பக்கம் 24.8 செ.மீ. துண்டும், வலப்பக்கம் 5.6 செ.மீ. கீற்றும் அமையும். அக்கீற்று பார்வைக்குப் பொருந்தாது. வெட்டும்போதே உடையவும் கூடும்.

மாறாக, சன்னலின் நடுக்கோட்டைத் தூக்குக்குண்டால் சுவரில் குறித்து, இரு டைல்களின் இணைப்பு அக்கோட்டில் விழுமாறு தொடங்கினால், சன்னலின் மேலும் கீழும் இரண்டிரண்டு முழு டைல்கள் பொருந்தும். பக்கங்களில் ஒவ்வொரு முழு டைலும், மூலைகளில் 24.5 செ.மீ. அளவில் சமமான துண்டுகளும் வரும். பிற அளவுகளில் இணைப்புக்குப் பதிலாக டைலின் நடுவையே அக்கோட்டில் வைத்துப் பார்க்கலாம். எந்த முறையில் ஓரத்துண்டுகள் பெரிதாக வருகின்றனவோ அதுவே ஏற்றது. உயரத்தையும் இவ்வாறே கணக்கிட வேண்டும். இக்கணக்கிற்கு ஒரு மணி நேரம் போதும். பதித்த டைலைப் பெயர்த்தால் டைலும் கூலியும் வீண்.

மூலை வெட்டு

சன்னலின் மூலையில் வரும் டைலை ‘ட’ வடிவில் வெட்ட நேரிடும். விரிசல் எப்போதும் உள்மூலையிலிருந்தே புறப்படும். அவ்விடத்தில் முதலில் சிறு துளையிட்டு, பின்னர் இருபுறமிருந்தும் அத்துளை வரை வெட்டினால் டைல் பிளவுபடாது.

கீழ்த்தட்டின் சரிவு

சன்னலடியில் சுவர்க்கனத்தில் அமையும் கீழ்த்தட்டே நீர் புகும் முதன்மையான வழி. உட்புறக் கீழ்த்தட்டு குளியலறையை நோக்கியும், வெளிப்புறக் கீழ்த்தட்டு வெளியை நோக்கியும் சற்றே சரிந்திருக்க வேண்டும். 20 செ.மீ. அகலத்திற்கு 5 மி.மீ. சரிவு போதுமானது. டைல் பதிக்கும் முன், கீழ்த்தட்டிலும் சட்டத்தை ஒட்டிய பூச்சிலும் நீர்க்காப்புப் பூச்சு இடுதல் நன்று.

பதிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் சன்னலுக்குக் கீழுள்ள சுவர், அடுத்து, அச்சுவர் டைலின் மேல்விளிம்பை மூடுமாறு கீழ்த்தட்டு, அதன்மேல் நிற்குமாறு பக்கங்கள், இறுதியாக மேற்பகுதி. இவ்வாறு செய்தால் வழியும் நீர் இணைப்புக்குள் இறங்காமல் டைலின் மேலேயே ஓடிவிடும்.

மரத்திற்கும் டைலுக்கும் இடையே

டைலை மரச்சட்டத்தோடு நெருக்கிப் பதித்து, இடுக்கில் வெள்ளைச் சிமெண்டு அடைப்பது பரவலாகக் காணப்படும் தவறு. மரம் பருத்துச் சுருங்கும்போது சிமெண்டு வெடித்துவிடும். அவ்விரிசலில் நீர் தங்கி மரம் உளுக்கும். ஆகவே ஏறத்தாழ 5 மி.மீ. இடைவெளி விட்டு, நன்கு உலர்ந்தபின் நெகிழ்வுடைய சிலிக்கான் பசையால் நிரப்ப வேண்டும். டைல்களுக்கு இடையே மட்டும் கிரௌட் போதும்.

ஒட்டுபொருளிலும் கவனம் தேவை. சாதாரண செராமிக் டைலை நீரில் ஊறவைத்துச் சிமெண்டுக் கலவையில் பதிக்கலாம். விட்ரிஃபைடு டைல் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால், சிமெண்டு அதனை இறுகப் பற்றாது. அதற்கு ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர நிர்ணயத்திற்கு உட்பட்ட டைல் பசையைக் கேட்டு வாங்குக.

பணம் தருமுன்

சன்னலைச் சுற்றி வெட்டுச் சேதம் மிகுதி. எனவே தேவையைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக, ஒரே தொகுதி எண்ணும் நிறக்குறியீடும் கொண்ட பெட்டிகளாக வாங்குதல் நலம். பின்னர் வாங்கும் டைலின் நிறம் பெரும்பாலும் மாறுபடும். புதுப்பித்தல் கடனுக்கு விண்ணப்பிப்போர், நீர்க்காப்புப் பூச்சு, பசை, சிலிக்கான் ஆகியவற்றை மதிப்பீட்டில் தனித்தனியே குறிப்பிடச் செய்க. பின்னால் எழும் செலவு அப்போது எதிர்பாராததாக இராது.

கூலியின் கடைசித் தவணையைக் கொடுக்குமுன் இரு சோதனைகள் செய்யலாம். டைலை நாணயத்தால் தட்டுக. பொள்ளல் ஒலி கேட்டால் அங்கே கலவை நிறையவில்லை. கீழ்த்தட்டில் ஒரு குவளை நீர் ஊற்றுக; அது தேங்காமல் உள்நோக்கி வழிய வேண்டும். மறுநாள் சுவரின் மறுபுறத்தில் ஈரம் தென்படலாகாது. குறையிருப்பின், கொத்தனார் வேலையிடத்தை விட்டுச் செல்லுமுன் அதனைச் சரிசெய்துகொள்வதே எளிது. மிஞ்சிய நான்கைந்து டைல்களையும் விலைச்சீட்டையும் பத்திரப்படுத்தி வைத்தால், பிற்காலப் பழுதுக்கு அவையே கைகொடுக்கும்.