4 வாட் கமராவும் 24 அலகு பற்றரியும்

நிசான் லீஃப் காரின் பழைய மாடலில் இருப்பது 24 அலகு, அதாவது 24,000 வாட்-மணி பற்றரி. முன் கண்ணாடியில் ஒட்டுகிற சாதாரண டாஷ்கேம் எடுப்பது ஏறக்குறைய 4 வாட். 24,000ஐ 4ஆல் வகுத்தால் 6,000 மணித்தியாலம், அதாவது 250 நாள். வகுத்தலில் பிழையில்லை. ஆனால் இதை நம்பிக் கமராவை இரவு பகலாக ஓடவிட்டு, வெள்ளி மாலை காரை நிறுத்திப்போனவர் போயா விடுமுறை முடிந்து செவ்வாய் காலை வந்தால், கார் உயிர் பெறாமல் கிடக்கலாம்.

காரணம், நிற்கிற காரில் கமராவுக்கு மின்சாரம் கொடுப்பது அந்தப் பெரிய பற்றரி அல்ல. பெற்றோல் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் ஈயப் பற்றரி ஒன்று லீஃபின் பொனட்டுக்குள்ளும் இருக்கிறது. சுமார் 360 வோல்ட்டில் இயங்கும் பெரிய பற்றரியைக் காரோடு இணைக்கும் ரிலேக்களை மூடுவதே இந்தச் சின்னதுதான். சின்னது செத்தால், வயிற்றில் 24 அலகும் நிறைந்திருந்தாலும் கார் அசையாது.

ஓடும்போது ஆகும் செலவை முதலில் தள்ளிவைத்துவிடலாம், அது அவ்வளவு சிறியது. பேராதனையிலிருந்து கொழும்புக்கு ஏ1 வீதியில் சுமார் 110 கிலோமீற்றர். மூன்றரை மணித்தியாலம் என்று வைத்தால் கமரா எடுப்பது 14 வாட்-மணி. கிலோமீற்றருக்கு 150 வாட்-மணி என்ற கணக்கில் கார் எடுப்பது 16.5 அலகு. கமராவின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்த 14 வாட்-மணியில் கார் 93 மீற்றர்தான் ஓடும். பேராதனை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 470 மீற்றர் உயரத்தில் இருப்பதால், திரும்பி வரும்போது ஒன்றரைத் தொன் காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே 1.9 அலகு வேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்தைக் கவலையில்லாமல் ஏறுகிறவர் கமராவை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை.

நிறுத்திய பிறகுதான் செலவு தொடங்குகிறது. 4 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 0.33 அம்பியர். காலை எட்டு மணிக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் நிறுத்தி மாலை நாலு மணிக்கு எடுத்தால் 2.7 அம்பியர்மணி போயிருக்கும், பாதகமில்லை. ஒரு முழு நாளுக்கு 8 அம்பியர்மணி. வெள்ளி மாலை ஆறிலிருந்து செவ்வாய் காலை ஆறு வரை 84 மணித்தியாலம், 28 அம்பியர்மணி. சின்னப் பற்றரியின் கொள்ளளவு புதிதாக இருக்கும்போது 45 அம்பியர்மணி என்று வைப்போம். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே வடியவிட்டால் ஆயுள் குறையும் என்பதால் உண்மையில் செலவழிக்கக்கூடியது 22 தான், அதுவும் 66 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஜப்பானில் சில வருடம் ஓடி, கப்பலில் கிடந்து, இங்கே இன்னும் பல வருடம் ஓடிய காரின் பற்றரியில் 45 எங்கே மிஞ்சப்போகிறது? 30 இருந்தால் அதிர்ஷ்டம். அப்படியானால் அந்த 28 கிட்டத்தட்ட முழுவதும்.

நெடுநாள் நிறுத்தினால் லீஃப் தானாகவே சில நாட்களுக்கு ஒருமுறை பெரிய பற்றரியிலிருந்து சின்னதுக்குக் கொஞ்சம் ஏற்றும். அந்த ஏற்பாடு காரின் சொந்தக் கசிவுக்கு அளவெடுத்தது. வெளியிலிருந்து வந்த 4 வாட் விருந்தாளிக்கு அதில் பங்கு ஒதுக்கியிருக்கவில்லை.

ஆகவே நிறுத்திய காரிலும் கமராவுக்கு மின்சாரம் தரும் நிரந்தர வயர் கிட் வாங்குகிறவர்கள், குறிப்பிட்ட வோல்ட்டில் கமராவைத் துண்டிக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறைந்த ஈயப் பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், பாதியில் 12.2, கால்வாசியில் 12.0. 11.6இல் துண்டிக்கும்படி விட்டால், வேண்டியதெல்லாம் போன பிறகுதான் அது துண்டிக்கும். 12.2இல் வையுங்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதித் தடை நீங்கிய பின் வருகிற சில மின்கார்களில் 12 வோல்ட் பற்றரியும் லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகை. அது நிறைந்திருக்கும்போதே 13.3 வோல்ட் அளவில் நிற்கும், கடைசிவரை அதிகம் இறங்காது, பிறகு திடீரென விழும். அங்கே 12.2 என்பது ஏறக்குறைய வெறுமை. ஈயத்துக்கான எண்ணை லித்தியத்துக்குப் போடக் கூடாது.

மெமரி கார்ட்டுக்கும் இதே கதைதான். விநாடிக்கு 15 மெகாபிற் வேகத்தில் எழுதும் கமரா மணித்தியாலத்துக்கு 6.75 ஜி.பி. நிரப்பும். 64 ஜி.பி. கார்ட்டில் ஒன்பதரை மணித்தியாலம் நிற்கும். தினமும் இரண்டு மணித்தியாலம் ஓட்டினால் வருடத்தில் கார்ட் 77 தடவை முழுதாக அழிந்து எழுதப்படும். இரவும் பகலும் ஓடினால் 920 தடவைக்கு மேல். இப்படி அழித்து எழுதுவதைத் தாங்கும் ‘ஹை என்டியூரன்ஸ்’ கார்ட் தனியாக விற்கிறார்கள், மலிவு கார்ட் வாங்கிப் பயனில்லை. பின்பக்கமும் கமரா பூட்டினால் ஒன்பதரை என்பது நாலேமுக்கால் ஆகிவிடும். காலையில் போகும்போது கடுகண்ணாவையில் நடந்த மோதல், மாலையில் திரும்பி வருமுன் அழிந்திருக்கும். இரண்டு கமரா என்றால் 128 ஜி.பி.

அசைவு கண்டால் மட்டும் பதியும் முறையைச் சிலர் நம்புகிறார்கள். கார்ட் மிச்சமாகும், உண்மை. ஆனால் அசைவு வருகிறதா என்று பார்த்திருக்கக் கமரா விழித்தே இருக்க வேண்டும், மின்சாரம் அதிகம் மிச்சமாகாது. பேராதனையில் பொனட்டில் ஏறி உட்காரும் செங்குரங்குக்கும் காற்றில் ஆடும் கிளைக்கும் அது விழுந்தடித்துப் பதியும்.

படத்தின் தரத்துக்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. 130 பாகை விரிவில் 1,920 புள்ளி என்றால் பாகைக்குப் பதினைந்துக்குச் சற்றுக் குறைவு. அரை மீற்றர் அகல இலக்கத்தகடு பத்து மீற்றர் தூரத்தில் 42 புள்ளிதான் பிடிக்கும். மூன்று எழுத்து, நாலு எண், ஆளுக்கு ஆறு புள்ளி. வாசிக்க முடிந்தால் உங்கள் பாக்கியம். 4கே கமரா இதை இரட்டிக்கும், கார்ட் செலவையும் கிட்டத்தட்ட இரட்டிக்கும்.

பூட்டுவதற்கு மூன்றரை மீற்றர் வயர், இரண்டு பியூஸ் டாப், ஒரு மல்டிமீற்றர், பிளாஸ்டிக் நெம்பி. கண்ணாடி ஓரத் தூணுக்குள் திரை ஏர்பேக் இருந்தால் வயர் அதன் பின்னால் போக வேண்டும், குறுக்கே போனால் ஏர்பேக் விரிவதைத் தடுக்கும். ஏர்பேக், பிரேக், ஸ்டியரிங் பியூஸ்களைத் தொட வேண்டாம். செம்மஞ்சள் உறை போட்ட கேபிள் எதுவானாலும் அது உயர் வோல்ட், கை வைக்காதீர்கள். காரை நிறுத்தி ஒருமுறை, சார்ஜில் போட்டு ஒருமுறை என இரண்டு நிலையிலும் பியூஸை அளக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது 12 வோல்ட் பக்கமும் விழித்து 13, 14 காட்டும், சில கமராக்கள் கார் ஓடுகிறது என்று நினைத்து இரவு முழுதும் பதியும்.

என் தெரிவு, கார் ஓடும்போது மட்டும் மின்சாரம் வரும் பியூஸில் பூட்டிவிட்டு நிறுத்தப் பதிவை மறப்பது. அதற்கு வயர் கிட்டே வேண்டாம், சிகரெட் லைற்றர் துளையே போதும்.

விலையை ரூபாயில் எழுதினால் நிற்காது. 50 டொலர் கமரா 2022 தொடக்கத்தில் 10,000 ரூபாய், அதே வருடம் மே மாதம் 18,000, இப்போது டொலர் 300 என்றால் 15,000, வரி வேறு. மின்கட்டணம் அலகுக்கு 50 ரூபாய் என்று வைத்தால், ஓடும்போது மட்டும் பதிய வருடத்துக்கு 3 அலகு, 150 ரூபாய். ஓயாமல் பதிய 35 அலகு, 1,750. அந்த 1,600 ரூபாய் வித்தியாசம் பெரிதல்ல. அதோடு சேர்ந்து சீக்கிரம் சாகிற 12 வோல்ட் பற்றரிதான் செலவு.

ஜப்பானிலிருந்து காரோடு வந்த பழைய கமரா என்றால் நேரம் மூன்றரை மணித்தியாலம் முன்னால் ஓடும், பதிவு சாட்சியாகலாம் என்பதால் திருத்துங்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சட்டம் இத்தகைய பதிவுகளை நீதிமன்றத்தில் ஏற்க இடம் தருகிறது. முன்வைக்க விரும்பும் தரப்பு விசாரணைத் திகதிக்கு 45 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். மூன்று நிமிடக் கோப்பு ஒன்று 337 எம்.பி. வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். மோதல் நடந்தால் கார்ட்டையே கழற்றி வைத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.