முக்கனியுள் இரண்டு ஒரு குழம்பில்

கோடை விடுமுறையில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாப்பழத்தை வீடே கூடியிருந்து உண்கிறோம். கொட்டையைக் குப்பையில் எறிந்துவிட்டு உருளைக்கிழங்கு வாங்கக் கடைக்குச் செல்கிறோம். மாவுச்சத்து மிகுந்த அக்கொட்டையன்றோ நம் பாட்டிமாரின் கோடைக் காய்கறி!

அதே பருவத்தில் மாங்காயும் வருகிறது. இரண்டும் கூடினால் குழம்புக்குப் புளி வேண்டுவதில்லை. ஆயினும் இரண்டையும் ஒருசேர அடுப்பிலேற்றுதல் கூடாது. புளிப்பேறிய நீரில் கொட்டை எளிதில் வேகாது. ஆதலின், வெள்ளைத் தோலை உரித்துப் பிளந்த கொட்டையை முதலில் மஞ்சளும் உப்பும் இட்டு வேகவைத்தல் வேண்டும். அழுத்தினால் மாவாக உடையும் பதம் வந்தபின், மிளகாய்ப்பொடியும் மல்லிப்பொடியும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மாங்காய்த் துண்டுகளை இறுதியில் இடுதல் முறை. அவை சில நிமிடங்களில் வெந்துவிடும். மாங்காய் மிகப் புளித்தால் தேங்காய் அரைத்து ஊற்றலாம். உள்ளிருக்கும் செந்நிறத் தோலை முற்றும் சுரண்ட வேண்டியதில்லை. அவ்வேலைக்கு அஞ்சியே பலர் கொட்டையைக் கைவிட்டனர் போலும்.

கருவாட்டுக் குழம்பில் இவ்விரண்டையும் இடுவோரும் உளர்; அதன் சுவை தனி. எஞ்சிய கொட்டையை உலர்ந்த மணலில் புதைத்து வைத்தால், பழப் பருவம் கழிந்த பின்னும் சில வாரங்களுக்கு நம் அடுக்களைக்கு உதவும்.