கார் மகன் பெயரில், ஸ்டீயரிங் அப்பா கையில்: வெளிநாட்டில் இருந்து இன்ஷூரன்ஸ் போடுபவர்கள் பார்க்க வேண்டியது என்ன?

தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் பல வீடுகளில் இப்போது இரண்டு கார் நிற்கிறது. ஒன்று அப்பாவின் பழைய கார். இன்னொன்று, சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மகனோ மகளோ லீவில் வந்தபோது வாங்கியது. ஆர்.சி.யில் பிள்ளையின் பெயர். வருஷத்தில் பதினோரு மாதம் ஓட்டுவது என்னவோ அப்பாதான். ஆஸ்பத்திரி, கல்யாணம், திருச்சி ஏர்போர்ட் எல்லாம் அந்தக் காரில்தான். பாலிசி முடியும் தேதி நெருங்கினால், அங்கிருந்தே போனில் பத்து நிமிடத்தில் புதுப்பித்துவிடலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பலரும் பார்ப்பது பிரீமியத் தொகையை மட்டும்தான்.

அப்பா ஓட்டினால் பாலிசி செல்லுமா?

செல்லும். பிரிட்டன் மாதிரி நாடுகளில் யார் யார் ஓட்டுவார்கள் என்று முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே அது தேவையில்லை. உரிமையாளரின் அனுமதியும் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருந்தால் போதும். அப்பா ஓட்டும்போது எதிரில் வந்தவருக்கு அடிபட்டால், அவருக்கான இழப்பீட்டை தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு விஷயம்: 55 வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் ஐந்து ஐந்து வருடமாகத்தான் புதுப்பிக்கப்படும். பாலிசி தேதியைப் பார்க்கும்போது அப்பாவின் லைசென்ஸ் தேதியையும் கேட்டுவிடுவது நல்லது.

15 லட்சம் யாருக்கு?

சிக்கல் இங்கேதான். பாலிசியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "அப்பாவுக்கு ஏதாவது ஆனால் 15 லட்சம் வரும்" என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் காப்பீட்டின் பெயரே உரிமையாளர்-ஓட்டுநருக்கானது. ஆர்.சி.யில் யார் பெயரோ, பாலிசியிலும் யார் பெயரோ, லைசென்ஸும் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான். அதாவது, துபாயில் இருக்கும் மகனுக்கு. தினமும் ஓட்டும் அப்பாவுக்கு அல்ல.

தேர்டு பார்ட்டியிலாவது கேட்கலாமா? அதிலும் வழி குறுகல். நிங்கம்மா வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம், வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர் என்றது. தானே மரத்தில் மோதினால், அந்த வண்டியின் இன்ஷூரன்ஸிலேயே மூன்றாம் நபராக இழப்பீடு கேட்பது கஷ்டம். மோதியது இன்னொரு வண்டி, தப்பும் அதன் மேல் என்றால் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸில் கேட்கலாம்.

அதனால் அப்பா பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுப்பதுதான் நேரான வழி. வயது வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டுக்கொள்ள வேண்டும். கூட வரும் அம்மாவுக்காக, பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டையும் காரின் பாலிசியோடு சேர்க்கலாம். மகனுக்கு ஏற்கெனவே வேறு வண்டியிலோ தனி பாலிசியிலோ 15 லட்சத்துக்குக் காப்பீடு இருந்தால், இரண்டாவது காருக்கு மறுபடி வாங்க வேண்டியதில்லை. 2019 ஜனவரி முதல் இருக்கும் சலுகை இது. அதில் மிச்சமாகும் பணத்தை அப்பாவின் பாலிசிக்குப் போடலாமே.

அதிகம் ஓடாத கார் என்றால்?

ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்ற பாலிசி, ஒரே உரிமையாளரின் பல வண்டிகளுக்கும் சேர்த்து ஒரே ஃப்ளோட்டர் பாலிசி என இரண்டுக்கும் 2022 ஜூலையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ அனுமதி கொடுத்தது. ஆனால் ஒரு கார் அப்பா பெயரிலும் இன்னொன்று மகன் பெயரிலும் இருந்தால் ஃப்ளோட்டர் உதவாது.

"சும்மா நிற்கிற கார்தானே" என்று தேர்டு பார்ட்டி மட்டும் போடுவது டெல்டாவில் துணிச்சலான முடிவு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டது நினைவிருக்கும். நிற்கிற கார் மேல் மரம் விழுந்தால் தேர்டு பார்ட்டியில் ஒரு ரூபாய்கூட வராது. முழுக் காப்பீடு இருந்தால்தான் உண்டு. அதிலும் தேங்கிய மழைநீரில் ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், இன்ஜினுக்கான கூடுதல் காப்பீடு இல்லாமல் பணம் வாங்குவது பெரும் பாடு.

தேதி தப்பினால்?

பாலிசி முடிந்து 90 நாளைத் தாண்டினால், ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத போனஸும் போய்விடும். 90 நாள் அவகாசம் போனஸுக்கு மட்டும்தான், ஓட்டுவதற்கு இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய். விபத்து நடந்தால் இழப்பீடு உரிமையாளரின் தலையில். தாமதமானால் காரை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள், அதையும் அப்பாதான் செய்ய வேண்டும். 2023 ஜனவரி முதல் கே.ஒய்.சி.யும் கட்டாயம். ஓ.டி.பி. வரும் இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள்.

அக்கம்பக்கத்தார் கல்யாணத்துக்குக் கார் கேட்டால் கொடுக்கலாம். டீசல் போக கையில் ஆயிரம் ரூபாய் வாங்கினால் அது வாடகை. சொந்த உபயோக பாலிசியில் கிளெய்ம் மறுக்க அந்த ஆயிரமே போதும்.